நடுவில் இருக்கும் சைபர்

குப்புராஜ் சொன்னான்:
"நூத்தம்பது ரூபாய்ல முடிச்சுடலாம்க்கா.
ரெண்டு பக்கமும் ஆண் பிளக் வெச்ச ஒரு ஒயர்.
ஒரு தலை ஜெனரேட்டர்ல,
ஒரு தலை அடுப்படி பிளக்குல.
வீடு மொத்தமும் எரியும்."
எரியும் என்பதை
வெளிச்சம் என்ற பொருளில்தான் சொன்னான்.

லிங்கராஜபுரத்தில் மே மாதம்
மழைக்கு முன்பே கரண்ட் போய்விடும்.
மாடி ஷெட்டில் பதினெட்டுத் தொட்டி.
காற்று பம்பு நின்று முக்கால் மணியானால்
ஏஞ்சல் மீன்கள் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடும்,
கடன் கேட்க வந்து
கேட்காமல் நிற்கிறவர்கள் மாதிரி.
போன வருஷம் ஒரே ராத்திரியில்
நூற்றுப் பத்தை வாளியில் அள்ளினேன்.

அதற்குத்தான்
மூடிப்போன ஜூஸ் கடையிலிருந்து இந்த ஜெனரேட்டர்.
ஷெட்டுக்கு எதிர் மூலையில் வைத்தாயிற்று,
புகை ரயில் தண்டவாளம் பக்கம் போகட்டும் என்று.
ஸ்விட்ச்தான் பாக்கி.

எஸ்.பி. ரோட்டில் நாலு கடை ஏறினேன்.

பன்வர்லால் கடையில் ஆட்டோமேட்டிக்.
"கையே வைக்க வேண்டாம் மேடம்,
அதுவே புரிஞ்சுக்கும்."
ஒன்பதாயிரத்து எண்ணூறு.
என் ஜெனரேட்டர் கயிறு இழுத்தால்தான் உறுமும்.
கயிறு இழுக்க மாடி ஏறுகிறவள்
ஒரு கைப்பிடியைத் திருப்பமாட்டேனா?

இரண்டாவது கடையில் நானூற்றைம்பது.
ஐ.எஸ்.ஐ. இல்லை.
சோப்பு டப்பா கனம்கூட இல்லை.
பின்புறம் திருப்பி
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
வைத்துவிட்டேன்.

மூன்றாவதில்
ஃபேஸ் மட்டும் மாறும்,
நியூட்ரல் இரண்டுக்கும் ஒன்றாகவே கிடக்கும்.
"நியூட்ரல்ல என்னம்மா இருக்கு, சும்மா போற ஒயர்."
சும்மா இருப்பதாகச் சொல்லப்பட்ட எதுவும்
எங்கள் வீட்டில் சும்மா இருந்ததில்லை.

நாலாவது கடைக்காரர் பேசவே இல்லை.
இரண்டு போல், நாற்பது ஆம்பியர்.
ஒன்று, சைபர், இரண்டு.
ஆயிரத்து அறுநூற்றைம்பது.
திருப்பிப் பார்த்தேன்.
ஒன்றை விட்டு முழுசாய் வெளியே வராமல்
இரண்டைத் தொடவே முடியாது அதனால்.
எழுபது குறைத்து,
ஒரு டேப் சுருள் சேர்த்துக் கொடுத்தார்.

"நூத்தம்பதுல முடியறதுக்கு
இவ்வளவா?" என்றான் குப்புராஜ்.
அவனுக்கு எப்படிச் சொல்ல.

போன ஆடியில் மழையோடு மழையாய்
எங்கள் முனைக் கம்பத்தில் ஏறினார் திப்பேசாமி.
ஒயரைத் தொடுமுன்
தெருவைப் பார்த்துக் கத்தினார்:
"யார் மனேலி ஜென்ரேட்டர் இதே?"
யாரும் பேசவில்லை.
மூன்று வீட்டில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.
எது பேட்டரி, எது பெட்ரோல்,
மேலேயிருந்து எப்படித் தெரியும்?
இறங்கி வந்தார்.
ஒவ்வொரு கதவாய்த் தட்டினார்.
எங்கள் வாசலில், கையில்லாத கோட்டில்,
பாதி கன்னடம் பாதி தமிழில் சொன்னார்:
"இங்கே இருநூத்து முப்பதும்மா.
பொட்டிக்குள்ளே திரும்பி வந்தா
எனக்கு அது பதினோராயிரம்."
பிறகு தண்ணீர் கேட்டார்.
சொம்பைத் தூக்கிக் குடிக்கையில்
அவர் முழங்கை நடுங்கியது,
குளிராகவும் இருக்கலாம்.

குப்புராஜ் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொடுத்தான்.
மார்க்கரில் ஒரு பக்கம் 'லைன்',
மறுபக்கம் 'ஜேன்' என்று எழுதினான்.
திருத்தவில்லை.

வியாழன் இரவு போயிற்று கரண்ட்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கைப்பிடியைத் திருப்பினேன்.
நடுவில் அது நின்ற ஒரு நொடி
வீடு யாருடையதும் இல்லை.
கீழே, கம்பத்தில் யாரோ
ஏணி சாய்க்கும் சத்தம்.
பிறகு 'டக்'.
மேலே போய்க் கயிறு இழுத்தேன்,
மூன்றாம் இழுப்பில் வந்தது.

குப்புராஜ் ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒயரை
நூற்றைம்பது கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன்.
வேறு வீட்டுக்குப் போகக்கூடாது.
ஒரு தலையை வெட்டினேன்.
மீதி எட்டடி
பதினோராம் தொட்டி விளக்குக்கு ஆயிற்று.